விரிதாளில் நிறம்: விதியை வகுப்பவர் யார்?



புலம்பெயர் நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பலவும் தன்னார்வலர்களின் உழைப்பால் நடைபெறுகின்றன. மாணவர் வருகை, மதிப்பெண், கட்டணம், நூல் வழங்கல் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் ஒரே விரிதாளில் அடங்கிவிடும். அவ்விரிதாளில் சில கட்டங்கள் சிவப்பாகவும் சில பச்சையாகவும் தோன்றும். சிவப்பைக் கண்டு ஆசிரியர் கவலை கொள்கிறார். பச்சையைக் கண்டு அமைதி அடைகிறார். அந்நிறம் கணினி வழங்கிய தீர்ப்பு என்றே பலர் எண்ணுகின்றனர். கணினிக்கோ மாணவரும் தெரியாது, மதிப்பெண்ணின் பொருளும் தெரியாது. யாரோ ஒருவர் எழுதி வைத்த விதியை அது கட்டத்துக்குக் கட்டம் பொருத்திப் பார்க்கிறது, அவ்வளவே. விதி பிழைபட்டால் நிறமும் பிழைபடும். கவனிக்க வேண்டிய பிள்ளை கண்ணில் படாமல் போகும்.

‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ எனப்படும் நிபந்தனை வடிவூட்டலின் பயனையும், அதில் மறைந்திருக்கும் இடர்களையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தோற்றமும் வளர்ச்சியும்

தனிக் கணினிகளுக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க் 1979ஆம் ஆண்டு வெளிவந்தது. டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவர் அதனை உருவாக்கினர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்செல் 1985ஆம் ஆண்டு மெக்கின்டாஷ் கணினிக்கென வந்தது. எக்செல் 97 பதிப்பில் நிபந்தனை வடிவூட்டல் சேர்க்கப்பட்டது. அன்று ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகள் வரையே விதிக்க முடிந்தது. எக்செல் 2007 பதிப்பு அவ்வரம்பை நீக்கியதுடன், நிறச் சாய்வு, தரவுப் பட்டை, குறியீட்டுத் தொகுப்பு ஆகியவற்றையும் அறிமுகப்படுத்தியது. கூகுள் ஷீட்ஸ், கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரேஆஃபிஸ் கால்க் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு. எக்செல்லில் ‘ஹோம்’ தாவலிலும், மற்ற இரண்டிலும் ‘ஃபார்மேட்’ பட்டியிலும் இதனைக் காணலாம்.

ஒரு விதி செயற்படும் முறை

எடுத்துக்காட்டாக, 40 மாணவர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் பெயர், பி நெடுவரிசையில் முதற் பருவ மதிப்பெண், சி நெடுவரிசையில் இரண்டாம் பருவ மதிப்பெண். முதல் வரிசை தலைப்பு. 2 முதல் 41 வரையிலான வரிசைகள் மாணவர்களுக்கு உரியவை. இரண்டாம் பருவத்தில் 40க்கும் குறைவாகப் பெற்றவரின் வரிசை முழுதும் சிவப்பாக வேண்டும்.

முதலில் ஏ2 முதல் சி41 வரையுள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் புதிய விதி ஒன்றைத் தொடங்கி, வாய்ப்பாட்டின் வழி வடிவூட்டும் வகையைத் தெரிந்து, =$சி2<40 என எழுத வேண்டும். நெடுவரிசையைக் குறிக்கும் எழுத்து விசைப்பலகையில் ஆங்கிலத்திலேயே தட்டப்படும். அதன் முன்னுள்ள டாலர் குறி, எந்தக் கட்டத்தைச் சோதிக்கும்போதும் சி நெடுவரிசையையே பார்க்குமாறு நிறுத்துகிறது. எண் 2 முன் டாலர் குறி இல்லாமையால், மூன்றாம் வரிசைக்கு அது 3 ஆகவும் நான்காம் வரிசைக்கு 4 ஆகவும் தானே மாறுகிறது.

இங்கு ஒரு சிறு தவறு பெருந்தவறாகிவிடும். தேர்ந்தெடுத்த பகுதி இரண்டாம் வரிசையில் தொடங்க, வாய்ப்பாட்டில் 1 என எழுதிவிட்டால், ஒவ்வொரு மாணவரும் தமக்கு மேலே உள்ளவரின் மதிப்பெண்ணுக்குரிய நிறத்தைப் பெறுவார். தாளில் நிறங்கள் ஒழுங்காகவே தோன்றும். ஒரு பிள்ளையின் சிவப்பு மட்டும் அடுத்த பிள்ளையின் பெயரில் ஏறியிருக்கும்.

வராதவருக்குப் பச்சை

இரண்டாவது இடர் இன்னும் நுட்பமானது. தேர்வுக்கு வராத மாணவரின் கட்டத்தை ஓர் ஆசிரியர் வெறுமையாக விடுகிறார். மற்றோர் ஆசிரியர் ‘வரவில்லை’ என எழுதுகிறார். வாய்ப்பாட்டில் எண்ணோடு ஒப்பிடும்போது வெற்றுக் கட்டம் சுழியாகக் கொள்ளப்படும். சுழி 40ஐ விடக் குறைவு; ஆகவே வராதவர் தோற்றவராகச் சிவப்பு பெறுகிறார். எழுத்தோ எக்செல்லில் எந்த எண்ணைவிடவும் பெரியதாகக் கருதப்படும். ஆகவே ‘40 அல்லது அதற்கு மேல் எனில் பச்சை’ என்ற விதிக்கு, ‘வரவில்லை’ என்னும் சொல் முழுமையாகப் பொருந்துகிறது. தேர்வு அறைக்கே வராத பிள்ளை தேர்ச்சி பெற்றவரின் நிறத்தில் நிற்கிறது.

வேறிடத்திலிருந்து படியெடுத்து ஒட்டப்படும் எண்கள் சில நேரங்களில் எழுத்தாகவே பதிவாகும். அவ்வாறு வந்த 28 மனிதக் கண்ணுக்கு எண்; மென்பொருளுக்கு எழுத்து. அதுவும் பச்சையாகும். தனியாகச் சீரமைக்கப்படாத கட்டங்களில் எண் வலப்புறமும் எழுத்து இடப்புறமும் ஒட்டி நிற்கும் என்பது இதனைக் கண்டறிய உதவும் எளிய அடையாளம்.

இதற்குத் தீர்வு, கட்டத்தில் இருப்பது எண்தானா என முதலில் கேட்பதாகும். =ஆண்ட்(இஸ்நம்பர்($சி2),$சி2<40) என்னும் வாய்ப்பாடு, எண்ணாக இருந்து 40க்குக் குறைவாகவும் இருந்தால் மட்டுமே நிறம் இடும். பச்சைக்கான விதியிலும் இதே காவல் வேண்டும். எண் அல்லாத கட்டங்களுக்கு மூன்றாவது விதியாகச் சாம்பல் நிறம் தரலாம். சாம்பல் ‘தெரியவில்லை’ என்பதன் நிறம். தெரியாததைத் தெரியாதது என்றே காட்டும் தாள் நம்பத்தக்கது.

சிவப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளை

மூன்றாவது இடர் மென்பொருளில் இல்லை. கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது. முதற் பருவத்தில் 92 பெற்ற மாணவி இரண்டாம் பருவத்தில் 61 பெறுகிறாள். 40 என்னும் எல்லைக்கு அவள் வெகு மேலே இருக்கிறாள். விதி அவளைப் பச்சையாகவே காட்டும். வீடு மாறியிருக்கலாம்; உடல்நலம் குன்றியிருக்கலாம்; வகுப்பில் யாரேனும் மனம் புண்படப் பேசியிருக்கலாம். அவளிடம் ஒரு சொல் கேட்க வேண்டிய காலம் இதுவே. 35லிருந்து 39க்கு உயர்ந்த மாணவனோ சிவப்பிலேயே நிற்கிறான். அவனுக்கு உரியது பாராட்டு.

சரிவைக் காட்டத் தனி விதி வேண்டும். =ஆண்ட்(கவுண்ட்($பி2:$சி2)=2,$பி2-$சி2>=15) என்பது, இரு பருவங்களிலும் எண் இருந்து, 15 அல்லது அதற்கு மேல் குறைந்தவரைக் காட்டும். அந்த 15 எங்கிருந்து வந்தது? அதனைக் கணினி சொல்லாது. பிள்ளைகளை அறிந்த ஆசிரியரும் பெற்றோரும் கலந்து முடிவு செய்ய வேண்டிய எண் அது.

ஒப்பீட்டு நிறத்தின் ஏமாற்று

எக்செல்லின் மூவண்ணக் குறியீடுகள் தாமாகவே வகுத்துக்கொள்ளும் எல்லைகளும் கவனத்துக்குரியவை. மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்கும் இடையிலான தொலைவில் 33, 67 விழுக்காடு என்னும் புள்ளிகளில் அவை பிரிகின்றன. ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் 88 முதல் 98 வரை எனில், 91 பெற்றவருக்குச் சிவப்புக் குறி விழும். மற்றொரு வகுப்பில் 12 முதல் 36 வரை எனில், 30 பெற்றவருக்குப் பச்சைக் குறி கிடைக்கும். இங்கு நிறம் கூறுவது கற்றலின் தரத்தை அன்று. வகுப்பில் அவருடைய இடத்தை மட்டுமே. விதியைத் திருத்தும் பகுதியில் ‘பெர்சன்ட்’ என்பதை ‘நம்பர்’ என மாற்றி, எல்லைகளை எண்களாகவே தந்தால் இக்குழப்பம் நீங்கும்.

ஆவணங்களின் காலாவதி

பள்ளிக்கு வெளியே, குடும்பத்துக்கும் இவ்வசதி பயன்படும். கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, நுழைவிசைவு ஆகியவற்றின் காலாவதி நாள்களை ஒரு தாளில் தொகுத்து வைப்பது புலம்பெயர் குடும்பங்களுக்கு இன்றியமையாதது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும் எனப் பல நாடுகள் கோருகின்றன. ‘டுடே’ என்னும் சார்பைக் கொண்டு, 180 நாளுக்கும் குறைவாக இருந்தால் சிவப்பு, 270 நாளுக்கும் குறைவாக இருந்தால் மஞ்சள் என இரு விதிகள் அமைக்கலாம். 180க்குக் குறைந்தது 270க்கும் குறைந்ததே ஆதலால், விதிப் பட்டியலில் சிவப்பு மேலே இருக்க வேண்டும். மேலுள்ள விதிக்கே முதன்மை.

இங்கும் ஒரு கண்ணி உண்டு. பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவர். அமெரிக்காவில் மாதமே முன் வரும். ஒரே குடும்பத்தின் தாளை இரு நாடுகளிலுள்ள உறவினர் நிரப்பும்போது, 05/08/2027 என்பது ஓரிடத்தில் ஆகஸ்ட் 5, மற்றோரிடத்தில் மே 8. 25/08/2027 என அமெரிக்க அமைப்புள்ள கணினியில் தட்டினால், 25ஆம் மாதம் இல்லாமையால் அது நாளாக ஏற்கப்படாமல் எழுத்தாகப் பதிவாகும். எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது என்பது முன்னரே கூறப்பட்டது. ஆகவே ‘குறைவு’ எனச் சோதிக்கும் விதிக்கு அந்தக் கட்டம் ஒருபோதும் அகப்படாது. அந்தக் கடவுச்சீட்டு ஒருபோதும் சிவப்பாகாது. ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் 2027-08-25 என எழுதுவதும், மேற்சொன்ன இஸ்நம்பர் காவலை இங்கும் வைப்பதும் பாதுகாப்பானவை. நிறம் தாளைத் திறப்பவருக்கே தெரியும் என்பதையும் மறத்தலாகாது. மாதம் ஒருமுறை அதனைத் திறந்து பார்க்கும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு வேண்டும்.

காண இயலாதோரும் காட்டத் தகாதனவும்

வட ஐரோப்பிய மரபினரிடையே ஏறத்தாழ 12 ஆண்களில் ஒருவருக்கும், 200 பெண்களில் ஒருவருக்கும் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. மற்ற மரபினரிடையே இவ்விகிதம் சற்றுக் குறைவெனினும் இல்லாமல் இல்லை. கருப்பு வெள்ளையில் அச்சிட்டால் நிறவேறுபாடு எல்லோருக்குமே மறைந்துவிடும். எனவே சிவப்பு, பச்சைக்கு மாற்றாக நீலம், செம்மஞ்சள் இணையைத் தேர்வதும், நிறத்தோடு தடித்த எழுத்தையோ குறியையோ சேர்ப்பதும் நன்று.

நிறம் பூசிய மதிப்பெண் தாளைப் பெற்றோர் கூட்டத்தில் திரையிடுவதும், எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவதும் தவிர்க்கப்பட வேண்டும். ஆசிரியருக்கு உதவியாக இருக்கும் சிவப்பு, பொது இடத்தில் ஒரு பிள்ளைக்குத் தலைகுனிவாகிவிடும். ஒவ்வொரு பெற்றோருக்கும் அவர்தம் பிள்ளையின் விவரம் மட்டும் சென்றடைவதே முறை.

விதியைச் சோதித்தல்

எந்த விதியையும் நம்புவதற்கு முன் இரு சோதனைகள் போதும். முதலாவது, தாளின் படி ஒன்றில் 39, 40, 41 ஆகிய எண்களையும், ஒரு வெற்றுக் கட்டத்தையும், ‘வரவில்லை’ என்னும் சொல்லையும் இட்டு, ஐந்தும் எதிர்பார்த்த நிறம் பெறுகின்றனவா எனப் பார்ப்பது. இரண்டாவது, எண்ணிக்கையைச் சரிபார்ப்பது. ‘கவுண்ட்இஃப்’ சார்பினால் 40க்குக் குறைந்தோர், 40உம் மேலும் பெற்றோர், ‘வரவில்லை’ எனக் குறிக்கப்பட்டோர் ஆகியோரைத் தனித்தனியே எண்ணி, வெற்றுக் கட்டங்களையும் கூட்ட வேண்டும். தொகை 40க்குக் குறைந்தால், எங்கோ ஓர் எண் எழுத்து வேடத்தில் ஒளிந்திருக்கக் கூடும். அந்தப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்பணியில் இளையோருக்கும் பெரியோருக்கும் இடம் உண்டு. வாய்ப்பாடு எழுதுவது இளையோருக்கு எளிது. எதனைச் சரிவு என்பது, எந்தப் பிள்ளையை எப்போது கவனிப்பது, எந்த ஆவணத்துக்கு எத்தனை மாதம் முன்னரே விண்ணப்பிப்பது ஆகியவை பெரியோரின் பட்டறிவில் உள்ளவை. இருவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து, விதியை முதலில் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துப் பின்னர் வாய்ப்பாடாக்கினால், பிழைகள் பெரிதும் குறையும். அவ்வாக்கியத்தைத் தாளின் மேற்பகுதியிலேயே எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் தன்னார்வலரும் நிறத்தின் பொருளை அறிவார். தேவை மாறும்போது விதியையும் மாற்றுவார்.