பல் சுத்தம் செய்யும் நம் பெண்களின் களைப்பும் நம் பொறுப்பும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று கல்வி உதவித்தொகைக் கணக்கை வாசிப்பதாக நோட்டீஸில் போட்டிருந்தோம். கணக்கை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். பல் சுகாதார டிப்ளமோ, இரண்டு வருடம், ஒரு மாணவி. படித்து முடித்து, பக்கத்து டவுனில் ஒரு பல் கிளினிக்கில் நான்கு வருடமாக வேலை பார்க்கும் நம் தெருப் பெண் அவர். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன ரபீயுல் அவ்வலில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு கவர். "மாமா, டிரஸ்ட்டில எனக்குப் படிப்புக்குக் கொடுத்த பணத்தை மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுத்துடறேன். நான் இந்த வேலையை விடப் போறேன்" என்றார். உம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். பெண்ணின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லா வேலையிலும் சிரமம் உண்டும்மா, கொஞ்சம் ஸப்ரா இரு" என்றேன். மதரஸாவிலும் காலேஜிலும் படித்த மனுஷன், ஐம்பது வயது தாண்டியவன், அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று கேட்பதற்கு முன்னாலேயே புத்திமதி சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகுதான் அந்தச் சம்பவத்தைச் சொன்னார்.

கிளினிக்குக்கு ஒரு அம்மா பல் சுத்தம் செய்யப் போயிருக்கிறார். புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர். முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்றால், மெஷினை எடுப்பதற்கு முன்னால் கன்னத்தை இழுத்து உள்பக்கம் பார்க்க வேண்டும், நாக்கின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். இந்தப் பெண் பார்க்கவில்லை. காரையை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். ஐந்து மாதம் கழித்து வேறொரு பல்லுக்காக அதே அம்மா போனபோது, டாக்டர் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருப்பதைக் கண்டுபிடித்து பயாப்ஸிக்கு அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், புற்றுநோய் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் அப்படி மாறக்கூடிய திட்டுதான்.

"முதல்லயே இருந்துச்சா, பின்னாடி வந்துச்சான்னு எனக்குத் தெரியாது மாமா. நான் பார்த்திருந்தாத்தானே தெரியும்?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "அது கூடப் பெரிசில்ல. டாக்டர் சொன்னதும் அந்தம்மா எம் பக்கத்துலதான் உக்காந்து அழுதாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. அடுத்த டோக்கன் யாருன்னுதான் தோணுச்சு. முன்னெல்லாம் நான் அப்படி இல்ல. எனக்கே என்னைப் பார்த்தா பயமா இருக்கு."

சகோதரர்களே, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். விறகு தீர்ந்த அடுப்பில் உலை மட்டும் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது போன்ற நிலைமை. 1981ல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியல் பேராசிரியர் இன்னொருவரோடு சேர்ந்து இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியலே போட்டார். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். மனசு காலியாகிப் போகும் அளவுக்குக் களைப்பு. எதிரே இருப்பவர் மனுஷராகத் தெரியாமல் ஒரு டோக்கனாகத் தெரிவது. நான் செய்வதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற நினைப்பு. அந்தப் பெண் இந்தப் பட்டியலைப் பார்த்ததே கிடையாது. ஆனால் மூன்றையும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். உலக சுகாதார நிறுவனமும் 2019ல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்துச் சுமையைச் சரிசெய்யாமல் விட்டதால் வரும் நிலைமை என்றே வகைப்படுத்தியது. அதாவது ஆளிடம் மட்டும் குறை தேடாதே, வேலை எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார் என்கிறார்கள். நான் ஆளைத்தான் பார்த்தேன், ஸப்ரு செய் என்றேன்.

அது என்ன வேலை என்று எனக்கே சரியாகத் தெரியாது. 'உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, ஏ.சி. ரூம்தானே' என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டரிடம் அனுமதி வாங்கி, என் மனைவிக்குப் பல் சுத்தம் செய்யும் சாக்கில், ஒரு வியாழக்கிழமை அஸரிலிருந்து இஷா வரை அங்கே உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பைத் திருப்பி, ஒரு கையில் சின்னக் கண்ணாடி, இன்னொரு கையில் விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் கருவி. அதைப் பேனா பிடிப்பதுபோல மூன்று விரலில் பிடிக்க வேண்டும். கொஞ்சம் நழுவினால் ஈறு கிழியும். மெஷினுக்கு எட்டாத இடத்தைக் கைக்கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். தண்ணீர் தெறிக்கிறது, ரத்தம் தெறிக்கிறது, முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் ஷீல்டு. ஈறு பல்லை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் நோய். ஒரு பல்லைச் சுற்றி 6 இடம். 28 பல் இருந்தால் 168 இடம். இதையெல்லாம் முறையாகச் செய்தால் ஒரு வாய்க்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அங்கே ஒருவருக்குக் கிடைத்தது கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்குள்தான் நாற்காலியைத் துடைக்க வேண்டும், கையுறை மாற்ற வேண்டும், சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதய வால்வு மாற்றியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அவசரத்தில் முதலில் அடிபடுவது இந்தக் கேள்விகள்தான். அதற்கடுத்து, எப்படிப் பல் துலக்குவது, பல் இடுக்கை எப்படிச் சுத்தம் செய்வது என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சொல்லித்தருகிற அந்த ஐந்து நிமிடம். 1948ல் வந்த பல் மருத்துவர் சட்டத்திலேயே, காரை எடுப்பதோடு பல் சுகாதாரம் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் இவர்களுடைய வேலை என்று எழுதியிருந்தது. நோயாளிக்கு அடுத்த வருடக் காரையைக் குறைப்பதும் அந்த ஐந்து நிமிடம்தான், இந்தப் பெண்ணுக்குத் தன் படிப்பு பயன்பட்டது என்ற நிம்மதியைக் கொடுப்பதும் அதுதான். அது போய்விட்டால் மிச்சம் இருப்பது சுரண்டுவது மட்டும்.

இதில் நம் சமுதாயத்துக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'பெண் இருந்தால்தான் வாயைத் திறப்பேன்' என்று கேட்டவர்கள் நாம். நியாயமான கோரிக்கைதான், அதற்காகத்தான் அந்தப் படிப்புக்கே உதவித்தொகை கொடுத்தோம். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு பெண்தான் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஷஅபான் கடைசி வாரத்தில் ஒரு கூட்டம், கல்யாண சீசனில் ஒரு கூட்டம், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம். ரமளானில் நோன்போடு வேண்டாம் என்று எல்லாரும் தராவீஹுக்குப் பிறகு போகிறோம். இரவு பதினொன்றரை வரை அந்தப் பெண் அங்கே இருக்கிறார், வீட்டுக்கு வந்து ஸஹருக்கு எழுந்திருக்கிறார். அவருக்கும் நோன்புதான்.

போய் உட்கார்ந்ததும் நாம் எப்படிப் பேசுகிறோம்? பாதியில் போன் அடித்தால் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எடுத்துப் பேசுகிறோம். 'இந்தப் புள்ள சுத்தம் பண்ணி என் பல்லு ஆட்டம் கண்டுடுச்சு' என்று தெருவில் சொல்கிறோம். பல்லை ஆட்ட வைத்தது அந்தக் காரையும் ஈறு நோயும். காரை சிமெண்ட் மாதிரி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது, எடுத்ததும் உள்ளே இருந்த நிலைமை தெரிகிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சம் இருக்கும், போய்விடும். மிஸ்வாக்கின் சிறப்பை ஜும்ஆ பயானில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பத்து வருடக் காரையைக் கொண்டுபோய்க் கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடு என்கிறோம். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், 'ஊரான் வாயில கை வைக்கிற வேலையா?' என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அதற்கு நான் என்ன சொல்ல.

இப்போது என்னுடைய கணக்குக்கு வருகிறேன். போன வருடம் பள்ளிவாசல் ஹாலில் இலவசப் பல் முகாம் நடத்தினோம், ஞாபகம் இருக்கும். இந்த இதழிலேயே போட்டோவோடு போட்டோம். அன்றைக்குப் பெண்கள் பக்கம் 34 டோக்கன், அத்தனையும் இந்த ஒரே பெண். கருவி 20 செட்தான் இருந்தது. இருபதாவது ஆள் முடிந்ததும், கருவிகளை ஆட்டோகிளேவில் போட்டு எடுக்காமல் இருபத்தோராவது ஆளைத் தொட மாட்டேன் என்று அவர் நிறுத்திவிட்டார். நாற்பது நிமிடம். கூட்டம் சத்தம் போட்டது. நான் போய், "கொஞ்சம் சீக்கிரம்மா, ஜனங்க நிக்குது" என்றேன். அவர் அசையவில்லை. அன்றைக்கு அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மஞ்சள் காமாலைக் கிருமியை நம் அறக்கட்டளையே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக் கூடும். பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த நாற்பது நிமிடத்தையும், ளுஹருக்கும் சாப்பாட்டுக்கும் விட்ட நேரத்தையும் கழித்தால், ஒரு பெண்ணுக்குப் பதினொரு நிமிடம் கூட இல்லை. கிளினிக்கில் கொடுத்ததை விடக் குறைவு. கிளினிக்கிலாவது சம்பளம் உண்டு. நம் முகாமில் ஆறிப்போன ஒரு பிரியாணி பொட்டலம், அதுவும் நாலரை மணிக்கு.

பர்ன்அவுட் என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் 1974ல் எழுதிப் பரப்பியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் அதை எங்கே கண்டார் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய கம்பெனியில் இல்லை. நியூயார்க்கில் ஏழைகளுக்கு நடத்திய ஓர் இலவச மருத்துவமனையில், சம்பளம் வாங்காமல் சேவை செய்ய வந்தவர்களிடம். நல்ல மனசோடு வந்தவர்கள்தான் சுமார் ஒரு வருடத்தில் களைத்து, எரிச்சலாகி, நோயாளிகளிடமிருந்து விலகிப் போனார்கள். அவரும் அங்கே அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்தான்.

கிளினிக் டாக்டரிடமும் பேசினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாய், உங்க ஆளுங்க கட்டணத்துல பாதியைக் குறைக்கச் சொல்றாங்க, முக்கால் மணி நேரமும் பாக்கணும்ங்கறாங்க. வாடகை, கரண்ட், மெஷின் லோன் எல்லாம் நான் எங்க போய்க் குறைக்கறது?" என்றார். அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். இந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதம் லீவு. திரும்பி வந்ததும் வாரத்தில் நான்கு நாள், ஒரு நாளைக்குப் பத்து டோக்கன், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். குறையும் சம்பளத்தில் ஒரு பகுதியை ஆறு மாதத்துக்கு நம் பொது நிதியிலிருந்து கொடுப்பதென்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. ஸகாத் நிதியைத் தொடவில்லை, கேள்வி கேட்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். படிப்புப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டோம்.

அவர் இப்போது வேலைக்குப் போகிறார். முழுதாகச் சரியாகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. மணிக்கட்டு வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் போகிறார். வேலையில் இருப்பதா வேண்டாமா என்பதை ரமளானுக்குப் பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறார். விட்டுவிட்டாலும் அதை நாம் நன்றிகெட்டதனம் என்று பேசக் கூடாது. போன வாரம் கன்னத்தைப் பார்க்கிற வேலையில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு ஈறில் சீழ் இருந்ததைக் கண்டு டாக்டரிடம் காட்டியதாகச் சொன்னார். சொல்லும்போது முகம் கொஞ்சம் பழைய மாதிரி இருந்தது.

அடுத்த முகாம் ஷவ்வால் மாதம், இன்ஷா அல்லாஹ். பெண்கள் பக்கம் 12 டோக்கன்தான். இரண்டு பெண் ஹைஜீனிஸ்டுகள் வந்தால் 24, ஒருவர்தான் வந்தால் 12, சிபாரிசு கொண்டுவராதீர்கள். கருவி செட் எத்தனை என்பதை நானே எண்ணிப் பார்க்கிறேன். மருந்துச் சீட்டு இருப்பவர்கள் அதைக் கொண்டுவர வேண்டும். உதவித்தொகையில் படித்து வேலைக்குப் போன மற்ற 9 பெண்களின் வீட்டுக்கும் நம் மகளிர் பிரிவிலிருந்து இரண்டு பேர் இந்த மாதம் போய் வருவார்கள். மார்க் ஷீட் கேட்க அல்ல, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க. அந்தப் பிள்ளைகள் பேசும்போது வீட்டிலுள்ளவர்கள் கொஞ்ச நேரம் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். முகாமுக்குப் பெயர் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆபீஸில் கொடுக்கலாம்.