உருண்டுபோன நட்டு: எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது

பைக்கை வீட்டுலயே கழட்டிப் பார்க்கிற ஆசை நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கு. யூடியூப் பார்த்து ஆயில் மாத்துவோம், பிளக் மாத்துவோம். எல்லாரும் ஒரு நாள் வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான்: கை போகாத மூலையில ஒரு நட்டு. துருப்பிடிச்சு, முனை தேஞ்சு, ஸ்பேனர் போட்டா வழுக்குது. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம்.

உதாரணத்துக்கு ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கலாம். 1994-ல வந்த வண்டி, இன்னைக்கும் நம்ம கிராமங்கள்ல அதுதான் ஓடுது. அதோட சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கும். அதனால சைலன்சர் பைப் ஹெட்டோட சேர்ற இடம் அடிப்பக்கம், முன் சக்கரத்தைப் பார்த்து இருக்கும். அங்க ரெண்டு 6 மில்லி ஸ்டட், ரெண்டு நட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர் சைஸ். முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு எல்லாம் அந்த ரெண்டு நட்டு மேலதான் விழும். என்ஜின் சூடு வேற. பைப் வளைவும் மட்கார்டும் கையை விடாது.

எங்க மாமாவுக்கு புதியம்புத்தூர். ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். வெட்டின துணியைத் தைக்கிற வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தைச்சதைத் திரும்ப வாங்கிட்டு வர்றது மாமாவோட வேலை. தீபாவளிக்கு முந்தின வாரங்கள்ல வண்டி நிக்கவே நிக்காது. அதே சமயத்துலதான் வடகிழக்கு மழையும் வரும். கரிசல் மண்ணைப் பத்தித் தெரியும்ல, நனைஞ்சா பசை மாதிரி ஒட்டும், காய்ஞ்சா கல்லு. பக்கத்துல தூத்துக்குடி உப்பளம், உப்புக் காத்து. இரும்பு துருப்பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாமா வண்டி புகை தள்ளுச்சு. வால்வு சீல் மாத்தணும். அதுக்கு ஹெட்டைக் கழட்டணும், ஹெட்டைக் கழட்ட முதல்ல சைலன்சர் நட்டு வரணும். வரலை. ஒரு நட்டு ஏற்கெனவே உருண்டு மொழுக்குன்னு இருந்துச்சு. வண்டி ஒரு நாள் நின்னா மாமாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

அங்க ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. நட்டைத் தொடுறதுக்கு முன்னாடி அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிய பாடம். "தம்பி, இதுல எது போனாப் பரவாயில்ல, எது போனா மாமா மாட்டிக்கிடுவாரு?"

யோசிச்சுப் பாருங்க. நட்டு சில்லறைக் காசு. ஸ்டட்டும் பெரிய விலை இல்லை. ஆனா ஸ்டட் போய் உக்கார்ற மரை அலுமினிய ஹெட்டுல இருக்கு. அது போனா ஹெட்டே மாத்தணும், இல்லைன்னா லேத் பட்டறைக்குப் போய் புது மரை போடணும். அதனால வரிசை இதுதான்: முதல்ல நட்டைத் தியாகம் பண்ணலாம், அப்புறம் ஸ்டட்டை, ஹெட்டை மட்டும் கூடவே கூடாது. நம்ம வேலையில ரோல்பேக் பண்ண முடியாத ஸ்டெப்பைக் கடைசிக்குத் தள்ளுவோம்ல, அதே கணக்கு.

இப்போ அந்த வரிசையிலயே போவோம்.

முதல்ல, எதுவுமே கெடாத வழி. கம்பி பிரஷ் வச்சு சேறு, துரு எல்லாத்தையும் தேய்ச்சு எடுங்க. வெளிய தெரியிற மரையையும் சேர்த்துத்தான். நட்டு வெளிய வர்ற பாதையே அதுதான். அப்புறம் துரு இளக்குற ஆயிலை விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. நடுநடுவுல நட்டு தலையில சுத்தியலால லேசாத் தட்டுங்க, அதிர்வுல துரு விரிசல் விட்டு ஆயில் உள்ள இறங்கும்.

அடுத்து ஸ்பேனர். 12 முனை ரிங் ஸ்பேனர் நட்டோட மூலைக்குப் பக்கத்துல பிடிக்கும். மூலை தேஞ்சிருந்தா அங்கேயே வழுக்கும். ஆறு முனை சாக்கெட் பட்டையான பக்கத்துல பிடிக்கும். கை போகாத இடத்துக்கு நீள எக்ஸ்டென்ஷன் போடுங்க. ஸ்பேனர்ல பைப் சொருகி நீட்டாதீங்க. 15 சென்டிமீட்டர் ஸ்பேனரை 60 ஆக்கினா அதே கை பலம் நாலு மடங்கு திருகும். 6 மில்லி ஸ்டட் அதைத் தாங்காது. கொஞ்சம் நகர்ந்ததும் ஒரே மூச்சாத் திருப்பவும் வேண்டாம். முன்ன பின்ன ஆட்டி ஆட்டி, ஆயில் விட்டு விட்டு எடுக்கணும்.

இனி நட்டு போனாப் பரவாயில்லைங்கிற கட்டம். உருண்ட பத்தாம் நம்பர் நட்டு மேல அங்குலக் கணக்குல வர்ற 3/8 சாக்கெட்டை அடிச்சு இறக்கலாம். அது ஒன்பதரை மில்லிக்குக் கொஞ்சம் கூட, அதனால கெட்டியாக் கவ்வும். அதுவும் வரலைன்னா, உளியை நட்டு ஓரத்துல சாய்ச்சு வச்சு, கழலுற பக்கமாத் தட்டணும். அடுத்தது, ஆக்ஸா பிளேடால நட்டை ஸ்டட்டுக்கு இணையா அறுக்கிறது. மரை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்திட்டு, உளியால ஒரு தட்டு தட்டினா நட்டு பிளந்துரும்.

இடம் இருந்தா இன்னொரு நல்ல வழி வெல்டிங். உருண்ட நட்டு மேல பெரிய நட்டு ஒண்ணை வச்சு உள்ளே வெல்ட் வைப்பாங்க. பிடிக்கப் புது மூலை கிடைக்குது, சூட்டுல துருவோட பிடியும் விட்டுரும். ஆனா பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் முதல்ல கழட்டித் தள்ளி வைக்கணும், பேட்டரி ஒயரை எடுக்கணும், விட்ட ஆயிலை நல்லாத் துடைக்கணும். இதை வீட்டு பார்க்கிங்ல முயற்சி பண்ணாதீங்க, பட்டறைக்குக் கொண்டு போங்க.

மாமா வண்டியில என்ன ஆச்சு? ஒரு நட்டு சாக்கெட்லயே வந்துருச்சு. உருண்ட நட்டு, ஸ்டட்டையும் சேர்த்துத் திருகிட்டு வெளிய வந்துச்சு. எனக்கு பக்குன்னு ஆச்சு, அண்ணாச்சி சிரிச்சார். ஹெட் மரை சுத்தமா இருந்துச்சு. புது ஸ்டட் போட்டா முடிஞ்சது கதை. ஒருவேளை ஸ்டட் உள்ளயே முறிஞ்சிருந்தா? நடுவுல துல்லியமாத் துளை போட்டு எடுக்கணும். 'ஈஸி அவுட்'னு ஒரு டூல் இருக்கு, பேருலதான் ஈஸி. அது ரொம்பக் கடினமான இரும்பு. உள்ள முறிஞ்சா சாதாரண டிரில் பிட் அதைத் தொடவே தொடாது. முறிஞ்ச ஸ்டட் வந்தா லேத் பட்டறைதான் சரி.

கடைசியா, திரும்ப மாட்டும்போது பழைய நட்டைப் போடாதீங்க. பித்தளை நட்டு போட்டா துருப்பிடிச்சு இறுகாது. மரையில காப்பர் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம், சைலன்சருக்குப் புது கேஸ்கெட். ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. மழைக்காலம் முடிஞ்சதும் அந்த இடத்தை ஒரு தடவை கழுவி விடுங்க.

உங்க வண்டியில எந்த நட்டு அடம் பிடிக்குதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.