ஒரே மேசையில் மீண்டும் ஐவர்



வகுப்பில் அடுத்தடுத்த வாங்குகளில் இருந்த நாங்கள் ஐந்து பேர். 1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது சிதறிப்போனோம். விடைபெறவும் நேரமிருக்கவில்லை.

இப்போது ரொறன்ரோவில் மாதமொருமுறை கூடுகிறோம். எங்களில் ஒருத்தியின் மகள் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாடப் பழக்கினாள். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த மேசை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்யப்போவதைச் சொல்வார்கள். அது கைகூடுமா என்பதை இருபது பக்கப் பகடை தீர்மானிக்கும். வென்றாலும் தோற்றாலும் எல்லோரும் சேர்ந்துதான்.

ஐம்பதை நெருங்கும் வயதில் இதென்ன விளையாட்டென்று நானும் சிரித்தேன்.

ஒருநாள் கதையில் ஒரு பாலம் வந்தது. பின்னால் பகைவர் துரத்தி வந்தனர். எங்களுள் அதிகம் பேசாதவள், “எல்லாரும் வந்து சேரட்டும். அதுக்குப் பிறகுதான் நான் கடப்பன்” என்றாள். எங்கள் எல்லோருக்கும் நாவற்குழிப் பாலம் நினைவுக்கு வந்தது. அந்தச் சனநெரிசலில் அம்மம்மாவின் கையைத் தவறவிட்டதை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள். நேரே கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

சகோதரிகளே, தொலைபேசியில் “எப்படி இருக்கிறாய்?” என்றால், “நல்லாயிருக்கிறன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சேர்ந்து விளையாட இருந்தால் தொடர்கிறது. தாயமோ கரமோ, எதுவானாலும் பழைய தோழியரைக் கூப்பிடுங்கள். ரொறன்ரோ வந்தால் எங்கள் மேசையிலும் ஒரு கதிரை இருக்கிறது.