கால் அடிக்கடி மடங்குகிறதா?



பத்துமலையின் 272 படிகளில் ஏறுவதைவிட இறங்கும்போதே கணுக்காலுக்குக் கூடுதல் கவனம் தேவை. பாதம் கீழ்நோக்கிச் சாயும்போது எலும்புகளின் பிடி தளரும். அப்போது மூட்டைக் காப்பவை அதைச் சுற்றியுள்ள நார்களே. வெளிப்புறத்தில் உள்ள மூன்று நார்களில், முன்பக்க நார்தான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது.

பிரிக்பீல்ட்சில் பரதம் பயிலும் பிள்ளையாகட்டும், கிள்ளானில் பூப்பந்து ஆடும் இளைஞராகட்டும், வீக்கம் வடிந்ததும் "சுளுக்கு போய்விட்டது" என்று நினைக்கிறோம். ஆனால் நார் தளர்ந்த நிலையிலேயே ஆறியிருக்கலாம். கால் சமநிலையை உணரும் திறனும் குறைந்திருக்கலாம். அதனால் கால் மறுபடியும் மறுபடியும் மடங்குகிறது. இதுவே கணுக்கால் மூட்டின் உறுதியின்மை.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்:

• மேடுபள்ளமான நடைபாதையில் கால் திடீரென உட்பக்கமாக மடங்குகிறதா?
• படி இறங்கும்போது பயந்து கைப்பிடியைத் தேடுகிறீர்களா?
• நெடுநேரம் நின்றால் கணுக்காலின் வெளிப்புறம் வலித்து வீங்குகிறதா?
• அந்த ஒற்றைக்காலில் நிற்கும்போது மற்றக் காலைவிட அதிகம் தடுமாறுகிறீர்களா?

'ஆம்' என்றால் மருத்துவரைப் பாருங்கள். முதல் சுளுக்கு எப்போது, அதன்பின் எத்தனை முறை கால் மடங்கியது என்பதைச் சொல்லுங்கள். மருத்துவர் குதிகாலைப் பிடித்து முன்னே இழுத்தும், பாதத்தை உட்பக்கம் சாய்த்தும், இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். புதிதாக அடிபட்ட காலில் வலியும் வீக்கமும் இதை மறைக்கும். ஆகவே நான்கைந்து நாள் கழித்து மீண்டும் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்பதால் மூட்டு உறுதியாக இருக்கிறது என்று பொருளல்ல. தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கப்படும்.

அடிபட்டவுடன் நான்கு அடிகூட நடக்க முடியவில்லையா? கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? எலும்பு முறிந்திருக்கலாம். காலை உருவிவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. சமநிலைப் பயிற்சியும் தசையை வலுவாக்கும் பயிற்சியும் தொடர்ந்து செய்தாலே நல்ல பலன் கிடைக்கும். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அடுத்த முறை மடங்கும்வரை காத்திருக்காதீர்கள்.