இரவல் வெளிச்சத்தில் ஒரு படுக்கையறை

விட்பி போன்ற ரொறன்ரோ சுற்றுவட்ட நகரங்களின் தொடர்மாடிக் கட்டடங்களில், சிறிய வீடொன்றுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கமே வெளிச்சுவர் அமைவதால், அங்குள்ள யன்னல் வரவேற்பறைக்குச் சேர, படுக்கையறை உள்ளே தள்ளப்பட்டு, கண்ணாடி இழுகதவின் வழியே வெளிச்சத்தை இரவல் பெறுகிறது. இதுவே ‘உட்படுக்கையறை’ ஆகும். ஒன்ராறியோ கட்டட விதிக்கோவை, படுக்கையறைத் தளப்பரப்பில் பொதுவாக 5 சதவீதக் கண்ணாடிப் பரப்பைக் கேட்டாலும், திறந்த இணைப்புள்ள அறைகளைச் சேர்த்துக் கணக்கிட இடமளிக்கிறது. நேரடி யன்னல் இல்லாத இவ்வறையின் இருள், பகலில் உறங்கும் இரவுப் பணியாளருக்கு உதவலாம். ஆனால் சமையல் மணமும் தொலைக்காட்சி ஓசையும் மெல்லிய கதவைக் கடந்துவிடுவதால், குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு இவ்வமைப்புப் பொருந்தாது. கட்டுநரிடமிருந்து புதிய கொண்டோ (தொடர்மாடி வீடு) வாங்குவோர் ஒப்பந்தத்தை 10 நாள்களுக்குள் கைவிட ஒன்ராறியோச் சட்டம் உரிமை தருவதால், அந்நாள்களிலேயே வரைபடத்தை விரித்து, கட்டில் எங்கே, யன்னல் எங்கே என்று பார்த்துவிட வேண்டும்.