சேலை ஆசையும் சம்பளக் கணக்கும்

 

துணிமணி ஆசையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "டீச்சர் நம்மைத் திட்டத்தான் வந்திருக்கிறார்" என்று வானொலியை அடைத்துவிடாதீர்கள். எனக்கும் சேலை என்றால் ஆசைதான். கடையில் ஒரு சேலையின் முந்தானையை விரித்துப் போட்டால், கரையின் நிறமும் உடலின் நிறமும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். ஆகவே ஆசையைக் குறை கூற நான் வரவில்லை.

நம் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போகும்போது பால் கறை பிடித்த பழைய சட்டை, கட்டம் போட்ட கைலி, தலையில் ஒரு துண்டு. ஆண்டு முழுவதும் அதே கோலம். ஆனால் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால், இரும்புப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு மடித்து வைத்திருந்த நைலக்ஸ் சேலை வெளியே வரும். அதைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தால், கிராணியார் வீட்டம்மாள் யார், பால்மரம் வெட்டுகிறவள் யார் என்று அந்நியர் ஒருவர் வந்து பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு நாள் நிமிர்ந்து நிற்பதற்காகத்தான் அந்தச் சேலை. இதை வீண் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? பணம் கட்டும் முறையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் துணி வியாபாரி சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வருவார். திண்ணையில் மூட்டையை அவிழ்த்தால் பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொள்வார்கள். பணம் மெதுவாகக் கொடுக்கலாம். சின்ன நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொண்டு, சம்பள நாளன்று சரியாக வந்து நிற்பார். விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மழை பெய்து வேலை இல்லாமற் போனதை அவரும் கண்ணால் பார்ப்பார். "இந்த மாதம் முடியவில்லை அண்ணே" என்றால், முணுமுணுத்துக்கொண்டாவது அடுத்த மாதம் வருவார்.

இன்றைக்கு மூட்டை கைப்பேசிக்குள் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் நேரலையில் சேலையைத் தோளில் போட்டுக் காட்டி, "இன்னும் மூன்றுதான் இருக்கிறது, சீக்கிரம்!" என்கிறாள். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இப்போது வாங்கிக்கொள், பிறகு கட்டிக்கொள் என்கிறார்கள். இந்த வியாபாரிக்கு நம் தோட்டத்தில் மழை பெய்தது தெரியாது. தேதி தவறினால் தாமதக் கட்டணம் தானாக ஏறும்.

இனி நம்முடைய ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும், மஸ்ஜித் இந்தியாவிலும், பிரிக்பீல்ட்ஸிலும் நடக்க இடம் இருக்காது. தீபாவளி முடிந்த கையோடு நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. டிசம்பர் அப்படியே போகும். 2026-ஆம் ஆண்டு முதல் பள்ளி மீண்டும் ஜனவரியில் திறக்கிறது. சீருடை, சப்பாத்து, புத்தகப் பை என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அதை ஒட்டித் தைப்பூசம். தைப்பூசம் போனால் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம், பால் குறையும். ஐப்பசியில் வாங்கிய துணிக்குத் தவணை கட்டும் மாதங்கள் எவை? வருமானம் இளைத்துச் செலவு பெருக்கும் அதே மாதங்கள்தாம்! செம்பனைத் தோட்டத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபரில் குலைகள் மிகுதியாக இருக்கும், மழைக்காலத்தில் குறையும்.

நான் ஆசிரியை அல்லவா, கணக்குப் போடாமல் விடமாட்டேன். ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய்விடும். சொக்சோ போன்ற சிறு பிடித்தங்களையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 1,500 வெள்ளி. மளிகைக்கு 600, மோட்டார் சைக்கிள் தவணைக்கு 220, பள்ளி வேனுக்கு 100, மின்சாரம் தண்ணீர் கைப்பேசிக்கு 150, பெட்ரோலுக்கும் மருந்துக்கும் 150, கோயில் வரி நல்லது கெட்டதுக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். ஆக 1,270. மிஞ்சுவது 230 வெள்ளி. அம்மாவும் வேலை செய்கிற வீடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளம். ஒருவர் சம்பளத்தில் நடக்கும் வீட்டுக்கு இதுதான்.

தீபாவளித் துணி என்ன ஆகும்? அம்மாவுக்குச் சேலை 250, ரவிக்கை தைக்க 60, இரண்டு பெண்களுக்குப் பஞ்சாபி உடை 260, பையனுக்கு ஜிப்பா 110, அப்பாவுக்குச் சட்டையும் வேட்டியும் 120, வளையல் மாலை 100. மொத்தம் 900. மூன்று தவணை என்றால் மாதம் 300. மிஞ்சுவதோ 230. முதல் மாதமே 70 வெள்ளி துண்டு விழுகிறது.

"ஆறு மாதமாக வைத்துக்கொண்டால் என்ன டீச்சர்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மாதம் ஒன்றரை விழுக்காடுதான் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. மாதம் முதல் 150, வட்டி 13 வெள்ளி 50 காசு. ஆக 163 வெள்ளி 50 காசு. மீதி 66 வெள்ளி 50 காசு. ஜனவரியில் இரண்டு மூன்று பிள்ளைகளின் சப்பாத்தும் சீருடையும் இதற்குள் அடங்குமா? இன்னொன்றையும் பாருங்கள். கடைசி மாதத்தில் உங்களிடம் நிற்கும் கடன் 150 வெள்ளிதான். ஆனால் வட்டி வாங்குவது முழு 900 வெள்ளிக்கும். ஆறு மாதமும் சராசரியாக நீங்கள் வைத்திருந்த கடன் 525 வெள்ளி. அதற்கு மாதம் 13.50 என்றால், ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கும் மேலே போகிறது. ஒன்றரை என்ற சிறிய எண்ணுக்குள் இவ்வளவு பெரிய எண் ஒளிந்திருக்கிறது.

தீபாவளிக்குப் புத்தாடை போட்டுப் பள்ளிக்கு மிட்டாய் கொண்டுவந்த பிள்ளை, ஜனவரியில் முன்பக்கம் வாய் பிளந்த சப்பாத்தோடு வருவதை ஆசிரியர்கள் பார்க்கிறோம். பிள்ளை காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். வேறொன்றும் சொல்லாது.

தவணை என்ற சொல்லே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1950-களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, 1960-ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். அதுவும் தவணைதான், ஆனால் பொருள் கைக்கு வருமுன் கட்டிய தவணை.

துணிக்கும் இதையே செய்யலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பால் நன்றாக வரும் மாதங்கள் ஏழு. மாதம் 70 வெள்ளியை பி.எஸ்.என். கணக்கில் தனியாகப் போடுங்கள். மளிகைக் காசோடு கலக்க வேண்டாம். தீபாவளிக்கு 490 வெள்ளி இருக்கும். 900 வெள்ளிக்கு அது போதாது, உண்மை. ஆனால் துணியாக வாங்கித் தோட்டத்திலேயே தையல் தெரிந்த அக்காவிடம் கொடுத்தால், இரண்டு பெண்களின் உடையும் 180-க்குள் முடியும். ஜிப்பா 80, அப்பாவின் சட்டை 60, அம்மாவுக்கு 120-இல் ஒரு நல்ல சேலை, வளையலுக்கு 50. கணக்கு நேராகிவிட்டது. நவம்பரில் யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லை.

"120 வெள்ளிக்கு நல்ல சேலையா?" என்று சிரிக்காதீர்கள். துணியை அறிந்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சேலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நெய்த பூ வேலையானால் பின்னால் நூல் ஓடியிருக்கும். அச்சடித்ததானால் பின்பக்கம் வெளிறியிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவு சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தைத் துடைத்தால் சாயம் போகுமா என்று தெரியும். பட்டு என்று சொல்லி விற்றால், ஓரத்து நூல் இரண்டைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான பட்டு முடி கருகிய வாடை வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை நூலோ உருகிக் கெட்டி மணியாகிவிடும். இந்தச் சோதனைகளில் எதையும் கைப்பேசித் திரையில் செய்ய முடியாது.

வளரும் பெண்ணுக்குத் தைக்கும்போது உள்பக்கம் இரண்டு விரல் அகலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு பிரித்து விட்டுக்கொள்ளலாம். அம்மாவின் பழைய பட்டுச் சேலை கரை நன்றாக இருந்து உடல் மட்டும் கிழிந்திருந்தால், மகளுக்குப் பாவாடை சட்டை ஆகும். பெட்டியில் இருக்கும் பட்டுச் சேலைகளை சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் முறிந்துவிடும்.

இப்போது மகள்மார் பக்கம் வருகிறேன். குடும்பம் முழுவதும் ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுப்பது இன்றைய மோஸ்தர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆண்டு மாம்பழ நிறம் என்றால், போன ஆண்டு வாங்கிய ஊதா எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகிறது! ஒருமுறை படத்தில் வந்த உடையை மறுமுறை போடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை.

ஒரு தாயும் மகளும் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"அம்மா, இந்தச் சேலையத்தான் மாமா கல்யாணத்துக்குக் கட்டினேன். எல்லாரும் பார்த்துட்டாங்க."

"பார்க்கட்டும் கண்ணு. நல்லா இருக்குன்னு சொன்னவங்கதானே? இன்னொரு தடவ சொல்லட்டும். ரவிக்கைய மட்டும் மாத்திக்க."

அந்த மகள் பச்சைச் சேலைக்கு அரக்கு நிற ரவிக்கை போட்டுப் போனாள். புதுச் சேலை என்று நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு.

பிடித்த உடையைப் பார்த்தவுடன் வாங்காமல், கைப்பேசிக் கூடையில் போட்டு ஏழு நாள் விட்டுவையுங்கள், தங்கைமார்களே. பார்ப்பதற்குக் காசு இல்லை. ஏழாம் நாள் அதே ஆசை இருந்தால், உங்கள் பெட்டியில் இருக்கும் எந்தப் பாவாடையோடு, எந்தத் துப்பட்டாவோடு அது சேரும் என்று யோசியுங்கள். வங்கி அட்டை எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அட்டையைத் தேடி எடுத்து, எண்களைத் தட்டுவதற்குள் பாதி ஆசை ஆறிவிடும். அக்கா தங்கை, சித்தி மகள் எல்லாரும் ஒரே அளவில் இருந்தால், கல்யாணம் காட்சிக்கு ஒருவருடையதை ஒருவர் மாற்றிக் கட்டிக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

ஏற்கெனவே தவணையில் மாட்டிக்கொண்டவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். முதலில், எந்தெந்த இடத்தில் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். கணவருக்குத் தெரியாமல் வாங்கியிருந்தால் இப்போதாவது காட்டிவிடுங்கள். தெரியாத வட்டிக்காரரிடம் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரு தவணையை அடைக்க இன்னொரு தவணை எடுக்க வேண்டாம். பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டு அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மலாய் பேசத் தயக்கமாக இருந்தால் படித்த மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். போகும்போது நான் சொன்ன அந்தத் தாளையும் சம்பளச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.