எண் குறிகளில் புகும் இரைச்சல்

சிங்கப்பூர் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்றொரு கட்டடம் இருந்தது. அங்கே 1981-ஆம் ஆண்டு சிம் வோங் ஹூ என்பவர் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சிறிய கடையொன்றைத் தொடங்கினார். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கான கூடுதல் நினைவகப் பலகையையும் செய்தார். அந்தக் கடையே பின்னர் உலகறிந்த கிரியேட்டிவ் நிறுவனமாக வளர்ந்தது. இன்று அந்தக் கட்டடம் இல்லை. ஆனால் அக்காலத்துச் சில்லுகளை வாங்கிக் கம்ப்யூட்டரைத் தாமே கட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் இன்றும் இருக்கிறார்கள். இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் இயந்திரம் திடீரென்று உளறுவதுதான் அவர்களுக்குப் பெரிய தொல்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம் மின் இரைச்சல்.

அது என்ன? பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணியார், வந்தவர், வராதவர் என்று இரண்டே வகையாகக் குறிப்பார் அல்லவா? கம்ப்யூட்டருக்கும் ஒன்று, பூச்சியம் என்ற இரண்டே குறிகள். 5 வோல்ட்டில் இயங்கும் டி.டி.எல். சில்லுக்கு 0.8 வோல்ட்டுக்குக் கீழே பூச்சியம். 2 வோல்ட்டுக்கு மேலே ஒன்று. குறி இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் கணக்குத் தப்பிவிடும்.

விடியற்காலையில் லயத்து வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால், கடைசி வீட்டில் தண்ணீர் நூலாக வரும். அதுபோலவே பல சில்லுகள் ஒரே கணத்தில் மின்சாரத்தை இழுத்தால் மின்னழுத்தம் சட்டெனத் தாழும். வீட்டு வாசலில் பீப்பாயில் நீர் பிடித்து வைப்பதுபோல, ஒவ்வொரு சில்லுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, அதன் மின்வழங்கும் காலுக்கும் தரைக்காலுக்கும் இடையே, மிக அருகில் பொருத்த வேண்டும். பெரியதொன்றைத் தூரத்தில் வைப்பது இதற்கு ஈடாகாது.

அடுத்து, கம்பிகள் குட்டையாக இருக்கட்டும். தரைக்கம்பி தடிப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது, பொத்தான். ஒரு தடவை அழுத்தினாலும் உள்ளேயிருக்கும் தகடு சில மில்லி விநாடிகள் துள்ளும். கம்ப்யூட்டர் அதைப் பல தடவையாக எண்ணிவிடும். ஒரு மின்தடையும் மின்தேக்கியும் அந்தத் துள்ளலைத் தணிக்கும். அதன்பின் 7414 என்ற சில்லு குறியைத் துலக்கித் தரும். குறி ஏறும்போது சுமார் 1.7 வோல்ட்டைத் தாண்டினால்தான் அது மாறும். இறங்கும்போது சுமார் 0.9 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் திரும்பும். இடையில் வரும் சிறு நடுக்கத்தைப் பொருட்படுத்தாது. அமெரிக்கரான ஓட்டோ ஷ்மிட் 1934-இல் கண்ட முறை இது.

பெற்றோர்களே! சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுத்த சில்லைப் 'பழுது' என்று பிள்ளை எறியுமுன், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குறை பல சமயம் சில்லில் இல்லை. சில காசு பெறும் மின்தேக்கி இல்லாததில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் கண்டிப்பு: கைவேலையெல்லாம் 5 வோல்ட்டுப் பக்கத்தில்தான். வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது.